ஹெல்மெட் பேனரிலிருந்து வைகைக் கரை வரை

2019இல் மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்க வேண்டும் என்றார்கள். “நம் ஊரில் பாதிப் பேர் ஹெல்மெட் அணிவதில்லை. நீங்களுமா?” என்று வாசகம் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். காளவாசல், கோரிப்பாளையம் சிக்னல்களில் கட்டினோம். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, அந்தப் பேனரின் நிழலிலேயே நின்று சிக்னலுக்குக் காத்திருந்தார்கள் ஜனங்கள். கூட்டத்தில் பேசினோம். “மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரல” என்று முடிவானது. அடுத்த வருடத்துக்கு இன்னும் பெரிய பேனர்.

மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தில் ஒரு வகுப்பறையில் அந்தப் பேனர் எனக்குத் திரும்பி வந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. வருகிறவர்கள் கல்மரச் சில்லுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற சமூக உளவியலாளரும் அவர் குழுவும் அங்கே நடைபாதைகளில் அடையாளம் வைத்த சில்லுகளைப் போட்டுவிட்டு, வெவ்வேறு அறிவிப்புப் பலகைகளை நட்டுப் பார்த்தார்கள். “இதுவரை வந்த பலர் எடுத்துப்போனதால் இந்தக் காடு பாழாகிறது” என்ற பலகை இருந்தபோது சுமார் 8 சதவீதச் சில்லுகள் காணாமல் போயின. “தயவுசெய்து எடுக்காதீர்கள்” என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. எல்லாரும் செய்கிறார்கள் என்று புலம்பினால், கேட்பவர் காதில் ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பதுதான் விழுகிறது. நான் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தேன். பாதிப் பேர் போடுவதில்லை என்று ஊருக்கே பேனர் அடித்துச் சொன்னவள் நான்.

நான் அங்கே படித்த அப்ளைடு சோஷியல் சைக்காலஜி, அதாவது பயன்பாட்டுச் சமூக உளவியல், படிக்கலாமா என்று கேட்டு இப்போது மாதம் இரண்டு பேராவது செய்தி அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட்டு, இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தப் பட்டம் வாங்கினால் நீங்கள் கவுன்சலிங் கொடுக்க முடியாது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் வேண்டும். பிரிட்டனில் உளவியல் இளங்கலை இல்லாதவர்கள் அந்தத் துறைக்கு மாறுவதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது, பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரத்தோடு. நான் படித்தது அதுவும் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, முடித்துவிட்டு ஆறு வருடம் களத்தில் சுற்றியவள் நான். ஒரு கூட்டம், ஒரு தெரு, ஒரு அலுவலகம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, அதில் எதை மாற்றினால் நடத்தை மாறும் என்பதுதான் இந்தப் படிப்பு. என் பெரியப்பா இன்றுவரை யார் வந்தாலும் “இவ சைக்காலஜி படிச்சவ, உன் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லிருவா” என்றுதான் அறிமுகம் செய்கிறார். மறுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

பிரைட்டனை அடுத்த ஃபால்மரில் இருக்கும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், கூட்டங்களின் உளவியலில் பேர்போன ஜான் ட்ரூரி அங்கே இருக்கிறார் என்பதுதான். தரவரிசைப் பட்டியல்கள் எதையும் பார்க்கவில்லை. எனக்கு இது நல்லதாகவே முடிந்தது. முதுகலைக்கு, அதுவும் ஒரே வருடப் படிப்புக்கு, அந்தத் துறையில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்பது என் கட்சி. பல்கலைக்கழகத்தின் பெயரை விண்ணப்பத்தில் ஒருமுறைதான் எழுதுவீர்கள். அங்கே நடக்கும் ஆராய்ச்சியோடு பன்னிரண்டு மாதம் குடித்தனம் நடத்த வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பேசப் பேச வயிறு எரியும். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். அப்பா வீட்டுப் பத்திரம் போனது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், என்னிடம் ஆறு வருடம் இருந்தது. ஆனால் அதற்கான விண்ணப்பம் அந்த வருடம் ஆகஸ்டில் திறந்து நவம்பர் தொடக்கத்திலேயே மூடிவிட்டது என்பது எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது. அடுத்த செப்டம்பரில் சேர நினைப்பவர்கள் இந்த ஆகஸ்டிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பியுங்கள். விசாவுக்குக் காட்டும் வாழ்க்கைச் செலவுப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. நடுவில் யாராவது அவசரத்துக்குக் கைமாற்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்.

அப்புறம் புள்ளியியல். ‘சமூக’ என்ற சொல்லை நம்பி வந்தவர்களை முதலில் அடிப்பது இதுதான். முதல் வாரமே ஆர் என்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் கொஞ்சம் தெரியும் என்ற தைரியத்தில் போயிருந்தேன். ஆரில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் சிவப்பெழுத்தில் திட்டும். அக்டோபர் முழுக்க அறைக்கு வந்து அழுதிருக்கிறேன். எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னப் பழக்கம். வகுப்பில் கொடுக்கும் தரவை வைத்துப் பழகுவதோடு நிற்காமல், என் பழைய நிறுவனத்தில் நாங்கள் எடுத்த ஒரு கணக்கெடுப்பைப் போல நானே பொய்யாக ஒரு அட்டவணை உருவாக்கி, அதில் ஒவ்வொரு சோதனையையும் ஓட்டிப் பார்த்தேன். பதில் என்னவாக வர வேண்டும் என்று தெரிந்திருந்ததால் எங்கே தவறு செய்கிறேன் என்றும் தெரிந்தது. புறப்படுவதற்கு முன்பே வீட்டில் இருந்து இரண்டு மாதம் ஆர் பழகிவிட்டுப் போங்கள். அது இலவச மென்பொருள்தான். கோட்டும் குளிர்காலச் செருப்பும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மதிப்பெண் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். என் முதல் கட்டுரைக்கு 62 வந்தபோது தோற்றுவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்கே சொல்லவில்லை. அங்கே முதுகலையில் 50 தேர்ச்சி, 60 நல்ல தரம், 70 வந்தால் மிக உயர்ந்த தரம். 90 எல்லாம் யாருக்கும் வருவதில்லை. அந்த 62க்குக் கீழே எழுதியிருந்த குறிப்புதான் எனக்கு முக்கியம். ஆய்வுகளை நன்றாகத் தொகுத்திருக்கிறாய், நீ என்ன நினைக்கிறாய் என்பது எங்கே என்று கேட்டிருந்தார்கள். நம் ஊர்ப் படிப்பில் நான் என்ன நினைக்கிறேன் என்று விடைத்தாளில் யாரும் கேட்டதில்லை. எழுதினால் மதிப்பெண் போகும். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு பருவம் முழுதாகப் பிடித்தது. ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று எழுதிய ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘சரி, அதனால்?’ என்று எழுதிக்கொள்வேன். பதில் இல்லாத பத்தியை அடித்துவிடுவேன்.

பாடத்தில் என்னைப் புரட்டிப்போட்டது கர்ட் லெவின். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த யூதர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஈரல், சிறுநீரகம், இதயம் போன்ற உள்ளுறுப்புகளை வீடுகளில் சமைக்க வைக்க வேண்டும் என்ற வேலை அவரிடம் வந்தது. அமெரிக்க இல்லத்தரசிகளுக்கு அது அருவருப்பு. அவர் சில குழுக்களுக்குச் சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று என்று எல்லாம் விளக்கி நல்ல சொற்பொழிவு கொடுக்கவைத்தார். மற்ற குழுக்களில் பெண்களையே உட்கார்ந்து பேசவைத்து, கடைசியில் யார் சமைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னார். பின்னர் விசாரித்தபோது சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்த குழுக்களில் 32 சதவீதம். 1940களில் நடந்தது இது. நான் 2013இலிருந்து 2019 வரை நடத்திய விழிப்புணர்வு முகாம்கள் எல்லாமே சொற்பொழிவு வகைதான். மைக், பந்தல், பொன்னாடை, கடைசியில் டீ, பிஸ்கட். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற வாக்கியத்தை அந்த வாரத்தோடு நிறுத்தினேன். தெரியாததால்தான் செய்யவில்லை என்று அது அடித்துச் சொல்லிவிடுகிறது. ஹெல்மெட் போடாதவருக்கு ஹெல்மெட் எதற்கென்று தெரியாதா என்ன? வெயில், வேர்வை, வண்டியை நிறுத்தினால் அதை வைக்க இடமில்லாதது, போலீஸ் எந்த முக்கில் நிற்பார் என்ற கணக்கு, பின்னால் உட்காரும் தம்பியும் போடவில்லை என்பது… இதில் எதையுமே நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் இந்தத் துறையைக் கோயிலாக்கிவிடவும் வேண்டாம். படிக்கும்போதே பாதி வீடு இடிந்து விழுவதையும் சேர்த்துத்தான் பார்த்தோம். 2015இல், உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது அவற்றில் சுமார் 36 சதவீதத்தில்தான் குறிப்பிடத்தக்க முடிவு மறுபடி வந்தது. சமூக உளவியல் ஆய்வுகளில் இன்னும் குறைவு, ஏறக்குறைய கால்வாசி. நெதர்லாந்தில் டீடரிக் ஸ்டாப்பல் என்ற பேராசிரியர் தரவுகளையே சொந்தமாகத் தயாரித்திருந்தது 2011இல் வெளிவந்தது. நியூயார்க்கில் 1964இல் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் சும்மா வேடிக்கை பார்த்தார்கள் என்று பாடநூல்கள் பல வருடம் சொல்லிவந்தன. அந்தக் கதையே அப்படி நடக்கவில்லை என்று பின்னர் காட்டினார்கள். நான் மேலே சொன்ன கல்மரப் பலகைக் கதையையும் ஒரு பூங்காவில் நடந்த ஒரு சோதனை என்ற அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை சிக்னலில் அதுவே நடக்கும் என்று நான் எங்கும் அளந்து பார்க்கவில்லை.

என் ஆய்வேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அது நடந்து ஐந்து மாதத்தில் நான் பிரைட்டனில் இருந்தேன். அங்கே முதல் பருவத்திலேயே கூட்டங்களைப் பற்றிப் படித்தோம். 2002 ஜூலையில் பிரைட்டன் கடற்கரையில் ஃபேட்பாய் ஸ்லிம் என்ற இசைக் கலைஞரின் இலவச நிகழ்ச்சிக்கு 60,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், வந்ததோ சுமார் இரண்டரை லட்சம். அந்த நெருக்கடியில் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று ட்ரூரியும் மற்றவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2005இல் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்தபோது இருட்டில் மாட்டிக்கொண்டவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கு உதவியதைப் பற்றியும். மெக்காவில் 2012 ஹஜ்ஜின்போது 1,194 யாத்ரீகர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு இன்னும் வியப்பு. நெருக்கம் கூடினால் பொதுவாகப் பாதுகாப்பு உணர்வு குறைகிறது. ஆனால் கூட்டத்தோடு தன்னை ஒன்றாக நினைத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு உணர்வு கூடியிருந்தது. பீதியில் மனிதர்கள் மிருகமாகிவிடுவார்கள் என்ற பழைய கதைக்கு ஆதாரம் குறைவு. இங்கே தமிழைப் பாராட்ட வேண்டும். ஆங்கிலப் பத்திரிகைகள் ‘ஸ்டாம்பீட்’ என்று எழுதும், மிரண்டு ஓடும் மாட்டு மந்தைக்கு உரிய சொல். நாம் ‘நெரிசல்’ என்கிறோம். ஓட இடமே இல்லாமல் நின்ற இடத்தில் நசுங்குவதுதான் பெரும்பாலும் நடப்பது.

ஹஜ் ஆய்வில் பயன்படுத்திய கேள்விகளைத் தமிழாக்கி, அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டேன். 2023 மே 5ஆம் தேதி திருவிழா. அதற்குள், மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்கு, பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். மார்ச்சில் விண்ணப்பித்தேன், திரும்பி வந்தது. தவறு என்னுடையதுதான். பங்கேற்பவர்களிடம் கையெழுத்து வாங்குவேன் என்று மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே நகல் எடுத்து எழுதியிருந்தேன். நம் ஊரில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடுங்கள் என்றால் பேச வந்தவரும் எழுந்து போய்விடுவார். இதை முதலிலேயே எழுதி, வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்கிறேன் என்று கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். உங்கள் ஊரைப் பற்றி அந்தக் குழுவுக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ‘கூட்டத்தில் இருந்தவர்களோடு நான் என்னை அடையாளப்படுத்திக்கொண்டேன்’ என்று முதல் கேள்வியைப் பெருமையாகத் தமிழாக்கி வைத்திருந்தேன். தமிழ் தெரிந்த இன்னொருவரைக் கொண்டு அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒத்திகைக்காகத் தல்லாகுளத்தில் இருக்கும் சித்திக்கு வாட்ஸாப்பில் படித்துக் காட்டினேன். “அடையாளம்னா… ஆதார் கார்டா?” என்றார்.

சரி என்று பேச்சுத் தமிழுக்கு இறங்கினேன். சித்தியே ‘எல்லாம் நம்ம சனம்தானப்பா’ என்று சொல்லியிருந்ததால், ‘அங்கே இருந்தவர்கள் எல்லாம் நம்ம சனம் என்று தோன்றியதா?’ என்று மாற்றினேன். இரண்டாவது ஒத்திகையில் செல்லூர்க்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எந்தச் சனத்தக் கேக்குறீங்க?” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதுரைப் பக்கம் ‘எங்க சனம்’ என்றால் சாதிக்காரர்கள் என்றும் பொருள். மண்டகப்படி மண்டகப்படியாக, ஒவ்வொன்றுக்கும் உரிமைக்காரர்கள் என்று பிரிந்து நிற்கும் ஒரு விழாவில் போய் அந்தக் கேள்வியைக் கேட்டால், ஒருவர் ஊரையே நினைத்து ‘ஆமாம்’ என்பார், இன்னொருவர் தன் சாதியை நினைத்து ‘ஆமாம்’ என்பார். 1 முதல் 7 வரை எண் கேட்கும் என் அட்டவணையில் இரண்டும் ஒரே 7ஆக விழும். ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்க்கும் முறையில் இது ஒருநாளும் பிடிபட்டிருக்காது.

1 முதல் 7 வரை எண் சொல்லுங்கள் என்பதும் வயதானவர்களிடம் செல்லவில்லை. “ஏழுதான் பெருசா? அப்ப ஏழே போட்டுக்கங்க” என்றார் ஒரு அம்மா, எல்லாக் கேள்விக்கும். மே மாதத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கணக்கெடுப்பைக் கைவிட்டு நேர்காணலுக்கு மாறினேன். அனுமதியையும் அதற்கேற்பத் திருத்தி வாங்கினேன். பதினொரு பேரிடம் போனில் பேசி, பதிவுகளை எழுத்தாக்கி, கருப்பொருள் பகுப்பாய்வு செய்தேன், அதாவது பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தேடித் தொகுத்தேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. இந்தக் கணக்கை நேர்காணல் எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள்.

கிடைத்ததில் எனக்குப் பிடித்தது, அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர் ஒருவர் சொன்னது. தோல்பையில் தண்ணீரை வைத்துக்கொண்டு அடிக்கும்போது முன்னால் நிற்கும் குழந்தையை யார் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்றே தெரியாதாம். “யாரோ ஒரு கை தூக்கும். இறக்கும்போது வேற கையா இருக்கும்.” இதை மேற்கோளாக வைத்து நான் உருகி உருகி எழுதியிருந்தேன். என் வழிகாட்டி அதன் ஓரத்தில், பாதுகாப்பாக உணர்வதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றா என்று கேட்டிருந்தார். சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேரைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அன்பான கூட்டமும் மூச்சு முட்டத்தான் செய்யும். அப்போது கூட்டத்தை நம்பி நகராமல் நிற்பது ஆபத்தாகவும் முடியலாம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் கடைசி அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதினேன். 71 வந்தது. இந்த முறை வீட்டுக்குச் சொன்னேன்.

நடுவில் விசா விஷயம் ஒன்று. பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். முதுகலை மாணவர்களுக்கு ஜூன் முதல் ஆய்வேடு கொடுக்கும் நாள் வரை விடுமுறை அல்ல, பருவம்தான் என்பது பலருக்குத் தெரியாது. என்னோடு வீட்டில் இருந்த ஒருவர் கோடையில் முழுநேர வேலைக்கு ஒப்புக்கொண்டு, தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கண்டுபிடித்துத் தப்பித்தார்.

வேலைக்கு வந்தால், ‘உளவியலாளர்’ என்று தேடாதீர்கள், கிடைக்காது. திட்ட மதிப்பீடு, நடத்தை ஆய்வு, பயனர் ஆய்வு, கணக்கெடுப்பு வடிவமைப்பு என்று தேடுங்கள். நான் திரும்பி வந்து ஏழு மாதம் சும்மா இருந்தேன். நேர்காணல்களில் பட்டத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆரில் என்ன செய்யத் தெரியும், தமிழில் கேள்வித்தாள் தயாரிப்பீர்களா என்றுதான் கேட்டார்கள். ‘எந்தச் சனம்’ கதையைத்தான் சொன்னேன், சென்னையில் வேலை கிடைத்தது. கடன் தவணை இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. பெரிய சம்பளத்துக்காக இதைப் படிக்க வராதீர்கள்.

2024 ஏப்ரலில் லீவு போட்டுவிட்டு அழகர் இறங்குவதைப் பார்க்கப் போனேன். ஆய்வேடு எழுதிய வருடம் போனில்தானே பார்த்தேன். விடிவதற்கு முன்பே ஆற்றுக்குள் நல்ல கூட்டம். பழக்கதோஷத்தில், எனக்கு முன்னால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கண்ணாலேயே கட்டம் போட்டுத் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். நாலு, நாலரை. பின்னாலிருந்து ஒரு பாட்டி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“நடுவுல நின்னு என்னத்தத் தாயி எண்ணுற? நகரு, பிள்ளைக்குத் தெரியல.”